ரியர் வீல் டிரைவ் காரை கொட்டுற ஸ்னோல ஓட்டுறது எப்படி: டயர்ல ஆரம்பிச்சு வீட்டு டிரைவ்வே வரைக்கும்

கோயம்புத்தூர்ல நான் வண்டி பழகுனது மாருதி ஆம்னில. அதுவும் ரியர் வீல் டிரைவ்தான், அதாவது பின் சக்கரம் தள்ளுற வண்டி, அம்பாசடரும் அப்டித்தான், பொலிரோவும் அப்டித்தான், ஆனா எந்த சக்கரம் வண்டிய தள்ளுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல, யோசிக்க வேண்டிய அவசியமும் வரல. யோசிக்க வச்சது 2014 டிசம்பர். கனடாவுல, டொராண்டோவுல 401-ங்கிற ஹைவேல இருந்து வளைஞ்சு இறங்குற ஒரு லூப் ரேம்ப், காலைல இருந்து ஸ்னோ கொட்டிட்டே இருக்கு. வண்டி 2003 மாடல் செடான், மேனுவல் கியர், நாலும் ஆல் சீசன் டயர், வழுக்குனா தானா வண்டிய நேராக்கப் பாக்குற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. வளைவுல பாதி போனதும் வேகம் ஜாஸ்தியோன்னு ஒரு பயம் வந்துச்சு, உடனே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை வெடுக்குன்னு எடுத்து, மூணுல இருந்து ரெண்டாவது கியருக்கு இறக்கி கிளட்ச்சை விட்டேன். அவ்ளோதான். வண்டியோட பின்பக்கம் என்னை முந்திட்டு முன்னாடி வந்துச்சு, ஒரு முழு சுத்து சுத்தி, ஓரத்துல குவிஞ்சு கிடந்த ஸ்னோ மேட்டுல பின்பக்கமா போய் சொருகி நின்னுச்சு. நல்ல வேளை பின்னாடி லாரி ஏதும் வரல.

அன்னைக்கு பிரேக்ல நான் காலே வைக்கல. பிரேக்கே போடாம எப்டி வழுக்குச்சுன்னு ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அதுக்கு பதில் தெரிஞ்சா ரியர் வீல் டிரைவ் பத்தி பாதி தெரிஞ்ச மாதிரி.

பின்பக்கம் ஏன் ஓடிப்போகுது

டயருக்கு ரோட்டைப் பிடிக்க ஒரு குறிப்பிட்ட அளவு பிடிமானம்தான் இருக்கு, அதை வச்சுதான் அது வண்டிய தள்ளணும், நிறுத்தணும், வளைவுல பக்கவாட்டுல தாங்கணும். காஞ்ச ரோட்டுல அது நிறைய இருக்கு, அதனால மூணையும் கலந்து பண்ணாலும் தாங்கிடும். ஸ்னோல அது மூணுல ஒரு பங்கு ஆயிடும், ஐஸ்ல ஏழுல ஒரு பங்கு. கணக்கு போட்டுப் பாருங்க, 50 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் பிடிச்சா காஞ்ச ரோட்டுல சுமார் 14 மீட்டர்ல நிக்கிற வண்டி, அமுங்கின ஸ்னோல சுமார் 40 மீட்டர், வழவழ ஐஸ்ல 100 மீட்டர் கிட்ட போகும். இதுல நீங்க பாத்து, சுதாரிச்சு, கால் வைக்கிற நேரம் சேரல.

முன் வீல் வண்டில இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஓட்டுற சக்கரத்து மேலயே உக்காந்திருக்கும், மொத்த எடைல சுமார் 60 சதவீதம் முன்னாடிதான். நம்ம வண்டில முன்னாடி இன்ஜின், பின்னாடி தள்ளுற சக்கரம், பின்னாடி இருக்குற எடை பாதிதான், காலியா இருக்குற பிக்கப் டிரக்னா அதுவும் இல்ல. இது கிளம்பும்போது வர்ற பிரச்சனை. நிஜமான ஆபத்து வேற ஒண்ணு: ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் வண்டிய பிடிச்சு இழுக்கும்ல, அந்த இழுவை மொத்தமும் பின் சக்கரத்துலதான் விழும், கிட்டத்தட்ட ஹேண்ட் பிரேக்க லேசா இழுத்த மாதிரி. அதே நொடில வண்டியோட எடை முன்னாடி சாஞ்சு பின் டயர் லேசாயிடும். வளைவுல இருக்கும்போது இது நடந்தா பின் டயர் பக்கவாட்டுலயும் தாங்கணும், வேகத்தையும் குறைக்கணும், அதால முடியாது, விட்டுரும். அன்னைக்கு ரேம்ப்ல நடந்தது இதேதான்.

ஆக கீழ சொல்ற எல்லாமே இந்த ஒண்ணுக்காகத்தான்: பின் டயருக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை குடுக்காதீங்க.

ரியர் வீல்னா பழைய வண்டி, இல்லேன்னா ஜெர்மன் வண்டின்னு இருந்த காலமும் போச்சு. டெஸ்லா மாடல் 3 ஆரம்ப மாடல், ஹூண்டாய் அயானிக் 5 ஆரம்ப மாடல் எல்லாம் பின்னாடி தள்ளுற வண்டிதான், அதை வாங்கின நிறைய பேருக்கு அது ரியர் வீல்னே முதல் ஸ்னோ விழும்போதுதான் தெரியுது.

ஸ்டெப் 1: டயர். இங்க கஞ்சத்தனம் வேண்டாம்

நாலு வின்டர் டயர் போட்ட ரியர் வீல் கார், ஆல் சீசன் போட்ட ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் தள்ளுற) வண்டிய விட பிரேக் பிடிக்கிறதுலயும் வளைவுலயும் நல்லா இருக்கும். ஆல் வீல் டிரைவ் கிளம்புறதுக்கு உதவும், நிக்கிறதுக்கு உதவாது, எல்லா காருக்கும் பிரேக் நாலு சக்கரத்துலதான். ஸ்னோ அன்னைக்கு ஹைவே ஓரம் பள்ளத்துல கிடக்குற வண்டிகளை எண்ணிப் பாருங்க, அதுல எத்தனை பெரிய எஸ்யூவின்னு.

வின்டர் டயரோட ரப்பர் வேற. சாதா டயர் 7 டிகிரிக்கு கீழ போகப் போக இறுகிடும், மைனஸ் 15-ல அது கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரி. வின்டர் டயர் அந்தக் குளிர்லயும் மெத்துன்னு இருக்கும், ட்ரெட் பிளாக்ல, அதாவது ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைல, பிளேடால கீறின மாதிரி நெறைய வெட்டு இருக்கும், அதுதான் ஸ்னோவைக் கவ்வுறது. வாங்கும்போது டயர் பக்கச் சுவர்ல மூணு முகடு மலையும் அதுக்குள்ள ஸ்னோ துகளும் போட்ட சின்னம் இருக்கான்னு பாருங்க. வெறும் எம் ப்ளஸ் எஸ் (மட் அண்ட் ஸ்னோ)னு மட்டும் போட்டிருந்தா அதை நம்பி வாங்காதீங்க, அந்த எழுத்துக்கு எந்த ஸ்னோ டெஸ்ட்டும் கிடையாது.

"பின்னாடிதான டிரைவ், பின்னாடி மட்டும் ரெண்டு போட்டா போதாதா"ன்னு வருஷா வருஷம் யாராவது கேப்பாங்க. போதாது. பின்னாடி மட்டும் போட்டா வண்டி ஜோரா கிளம்பும், ஆனா முன்னாடி ஸ்டியரிங் திருப்புனா நேரா போகும், பிரேக்ல பாதிக்கு மேல வேலை பாக்குறதும் முன் டயர்தான். நாலும் ஒரே மாடல், ஒரே அளவு தேய்மானம் இருக்கணும். ட்ரெட் 4 மில்லிமீட்டருக்கு வந்துட்டா ஸ்னோ ரோட்டுக்கு அது ஆகாது, சட்டப்படி இன்னும் ஓட்டலாம்னாலும்.

நம்ம மாதிரி வண்டிக்குன்னு இன்னொரு விஷயம் இருக்கு. ஸ்போர்ட்டி ரியர் வீல் கார் பலதுல பின் டயர் முன் டயரை விட அகலமா வரும். கோடைக்கு அது அழகு. ஆழமான ஸ்னோல அகல டயர் ஸ்னோ மேல மிதக்கும், ஒல்லி டயர் அதை வெட்டிட்டு கீழ இறங்கிப் பிடிக்கும். அதனால வின்டருக்கு நாலு பக்கமும் ஒரே சைஸ், முடிஞ்சா ஒரு இன்ச் சின்ன ரிம், கொஞ்சம் ஒல்லியான டயர். எந்த சைஸ் வரைக்கும் இறங்கலாம்னு ஓனர்ஸ் மேனுவல்லயே இருக்கும், ரிம்முக்குள்ள இருக்குற பிரேக் காலிப்பர் இடிக்காம இருக்கணும்ல.

காத்து: வெப்பம் 5, 6 டிகிரி இறங்குனா சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். அக்டோபர்ல 15 டிகிரில 35 வச்சீங்கன்னா ஜனவரில மைனஸ் 15-ல 30 கிட்ட வந்திருக்கும், லீக்கே இல்லாம. மாசம் ஒரு தடவை காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாருங்க.

பக்கத்து மாகாணம் கியூபெக்ல டிசம்பர் 1-ல இருந்து மார்ச் 15 வரைக்கும் அங்க பதிவான வண்டிக்கு வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். டொராண்டோ இருக்குற ஒண்டாரியோல கட்டாயம் இல்ல, ஆனா 2016-ல இருந்து இன்சூரன்ஸ்காரங்க வின்டர் டயருக்கு தள்ளுபடி குடுத்தே ஆகணும், நிறைய பேர் கேக்காமலே விட்டுடறாங்க, போன் பண்ணி கேளுங்க.

ஸ்டெப் 2: டிக்கில மணல் மூட்டை வைக்கணுமா?

காலி பிக்கப்னா வைங்க. காருக்கு, நல்ல வின்டர் டயர் இருந்தா, பெருசா தேவையில்ல. வச்சே ஆகணும்னா பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல, இல்ல அதுக்கு கொஞ்சம் முன்னாடி, 40, 50 கிலோவுக்குள்ள, நகராத மாதிரி கட்டி வைங்க. டிக்கியோட கடைசில பம்பர் கிட்ட போட்டீங்கன்னா முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் கேக்காது, பின்பக்கம் ஒரு தடவை ஆட ஆரம்பிச்சா ஊஞ்சல் மாதிரி நிக்காம ஆடும். எடை கூடுனா நிக்கிற தூரமும் குறையாது. எனக்குத் தெரிஞ்சு மணல் மூட்டையோட பெரிய பிரயோஜனம், மாட்டிக்கிட்டா பிரிச்சு டயருக்கு முன்னாடி கொட்டலாம்ங்கிறதுதான்.

அதோட டிக்கில எப்பவும் ஒரு மண்வெட்டி, நீளமான பிரஷ், போர்வை, டார்ச், மைனஸ் 40 தாங்குற வாஷர் ஃப்ளூயிட். வண்டியக் கட்டி இழுக்குற டோ ஹூக் எங்க இருக்குன்னும் இப்பவே தேடி வச்சுக்கோங்க, நிறைய வண்டில அது டிக்கி தரைக்கு கீழ ஒளிஞ்சிருக்கும், பம்பர்ல ஒரு சின்ன மூடியைத் திறந்து முறுக்கி மாட்டணும், ராத்திரி மைனஸ் 20-ல கிளவுஸோட அதைத் தேடுறது கொடுமை.

ஸ்டெப் 3: கிளம்புறதுக்கு முன்னாடி

ரூஃப் மேல இருக்குற ஸ்னோவையும் தள்ளுங்க, கண்ணாடில மட்டும் ரெண்டு ஓட்டை போட்டுட்டு கிளம்பாதீங்க. முதல் பிரேக்லயே மொத்த ஸ்னோவும் சரிஞ்சு விண்ட்ஷீல்டை மூடும். ஷூ அடில ஒட்டின ஸ்னோவையும் தட்டிட்டு ஏறுங்க, பெடல் வழுக்கும், இந்த மொத்த கட்டுரையும் கால் மேலதான் நிக்குது.

வண்டில என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. கனடாவுல 2011 செப்டம்பருக்கு அப்புறம் தயாரிச்ச எல்லா காருக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கட்டாயம், அதை ஆன்லயே விடுங்க. ஸ்னோ மோட் இருந்தா போடுங்க, அது ஆக்சிலரேட்டரை மந்தமாக்கும், நமக்கு அதுதான் வேணும். க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவே தொடாதீங்க.

எலக்ட்ரிக் வண்டிக்காரங்களுக்கு: ரீஜென், அதாவது காலை எடுத்தா தானா வேகம் குறையுற விஷயம், ரியர் வீல் எலக்ட்ரிக்ல பின் சக்கரத்துலதான் பிடிக்கும். என்னோட ரேம்ப் கதை, இன்னும் பலமா. சாஃப்ட்வேர் வழுக்குறதைக் கண்டுபிடிச்சு குறைக்கும்தான், இருந்தாலும் குறைக்க வழி குடுத்திருந்தா குறைச்சு வச்சுக்கோங்க, காலை ஒரேடியா எடுக்காம மெல்ல மெல்ல எடுங்க. பேட்டரி குளிர்ந்திருக்கும்போது ரீஜென் கம்மியா இருக்கும், அரை மணி ஓடி சூடானதும் கூடிரும், ஒரே பயணத்துல வண்டி ரெண்டு விதமா நடந்துக்கும், அதை எதிர்பார்த்து ஓட்டுங்க.

ஸ்டெப் 4: கிளம்புறது, வளையுறது, நிக்கிறது

கிளம்பும்போது ஸ்டியரிங் நேரா இருக்கட்டும். மேனுவல்னா ரெண்டாவது கியர், கிளட்ச்சை நிதானமா விடுங்க. ஆட்டோமேட்டிக்னா பிரேக்ல இருந்து காலை எடுத்து அது தானா ஊர்றவரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஆக்சிலரேட்டர். சக்கரம் சுத்தி வண்டி நகரலன்னா இன்னும் மிதிக்காதீங்க, விடுங்க. சுத்துற டயர் ஸ்னோவைத் தேச்சு பளபளன்னு ஐஸாக்கிடும், அப்புறம் ரொம்ப கஷ்டம்.

ஆள் இல்லாத நேரான தெருவுல 20, 25 வேகத்துல ஒரு தடவை பிரேக் போட்டுப் பாருங்க, சக்கரம் லாக் ஆகாம தடுக்குற ஏபிஎஸ் எவ்ளோ சீக்கிரம் கடகடங்குதுன்னு பாத்தாலே அன்னைக்கு ரோடு எப்டின்னு தெரிஞ்சிடும். இதை நான் ஸ்னோ நாள்ல எல்லாம் பண்ணுவேன். முன்னாடி வண்டிக்கும் நமக்கும் நடுவுல எட்டு பத்து செகண்டு இடைவெளி, யாராவது நடுவுல பூந்தா பூரட்டும், திரும்பவும் பின்வாங்குங்க.

வளைவு: நேரா இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைச்சிடுங்க, கியர் இறக்கணும்னா அதையும் அங்கயே. வளைவுக்குள்ள நுழையும்போது பிரேக்ல கால் இருக்கக் கூடாது. உள்ள இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல கட்டைவிரல் தொட்ட மாதிரி ஒரு சின்ன அழுத்தம், வேகம் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ஸ்டியரிங் நேரானதுக்கு அப்புறம்தான் மிதிக்கணும். வளைவு முடியறதுக்குள்ள மிதிக்கிறதுதான் ரியர் வீல்ல புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு, ரெண்டாவது தப்பு நான் பண்ணது.

ஹைவேல லேன் மாறும்போது ரெண்டு லேனுக்கு நடுவுல கஞ்சி மாதிரி சேறு ஸ்னோ ஒரு வரப்பு மாதிரி நிக்கும். அதைத் தாண்டும்போது ஒரு பக்க டயர் இழுபடும், அந்த நேரம் ஓவர்டேக் பண்ற வேகத்துல மிதிச்சிட்டிருந்தா பின்பக்கம் அங்கயே வெட்டும். ஒரே சீரான கால், ரொம்ப சாய்வா, நிதானமா தாண்டுங்க. நீல லைட் மின்ன, ஸ்னோவைத் தள்ளி ஒதுக்குற ஸ்னோ ப்ளோ வண்டி வரிசையா படிக்கட்டு மாதிரி போகும், அதுக்கு நடுவுல பூந்து முந்துறவங்களையும் பாத்திருக்கேன். அதுங்க பின்னாடிதான் ரோடே சுத்தமா இருக்கு, எதுக்கு முந்தணும்?

மேடு ஏறுறதுல நமக்கு ஒரு சின்ன லாபம் இருக்கு, ஏறும்போது எடை பின்னாடி சாயும், தள்ளுற சக்கரம் நல்லா அழுந்தும். அதனால மேடுன்னா முன்பக்கமாவே ஏறுங்க, ரிவர்ஸ்ல ஏற முயற்சி பண்ணாதீங்க, முன் வீல் வண்டிக்காரர் சொல்ற அந்த டெக்னிக் நமக்கு தலைகீழ். முன்னாடி போற வண்டி மேல ஏறி முடிக்கிற வரைக்கும் கீழ நின்னு, அப்புறம் நிக்காம ஏறுங்க. இறங்கும்போது அவசரமா கீழ் கியருக்குப் போகாதீங்க. மேல இருக்கும்போதே கியரைப் போட்டு ஊர்ந்து இறங்குங்க.

ஸ்டெப் 5: பின்பக்கம் போயிடுச்சுன்னா

இடுப்புல தெரியும். கண்ணுக்கு முன்னாடி சீட்டுக்குத் தெரியும், அடில யாரோ கம்பளத்தை இழுத்த மாதிரி.

கண்ணு முதல்ல. போக வேண்டிய இடத்தைப் பாருங்க, கம்பத்தைப் பாத்தா கம்பத்துலதான் போய் முடியும். கை தானா கண்ணு பாக்குற பக்கம் திரும்பும். பின்பக்கம் வலதுபுறம் போனா ஸ்டியரிங் வலதுக்கு, இடதுபுறம் போனா இடதுக்கு. அதே நேரம் மிதிச்சிட்டிருந்த ஆக்சிலரேட்டரை விடணும், ஆனா வெடுக்குன்னு இல்ல, முட்டையை மேஜைல வைக்கிற மாதிரி. மேனுவல்னா கிளட்ச்சை அமுக்கிடுங்க, பின் சக்கரம் சுதந்திரமா உருளும், இன்ஜின் தள்ளவும் தள்ளாது, இழுக்கவும் இழுக்காது. பிரேக் வேண்டாம்.

நிறைய பேர் இது வரைக்கும் சரியா பண்ணிட்டு அடுத்த நொடில கோட்டை விடுவாங்க. டயர் திரும்பப் பிடிச்சதும் வண்டி சட்டுன்னு எதிர்ப்பக்கம் வீசும், நீங்க திருப்பின ஸ்டியரிங் இன்னும் அங்கயே இருந்தா ரெண்டாவது வீச்சு முதலாவதை விட பலமா இருக்கும், மூணாவதுல சுத்திடும். பின்பக்கம் திரும்பி வர ஆரம்பிக்கும்போதே ஸ்டியரிங்கை நேராக்க ஆரம்பிக்கணும், வந்து சேர்ந்ததுக்கு அப்புறம் இல்ல.

கையை மீறிப் போயிடுச்சு, சுத்தப் போகுதுன்னா அப்போ பிரேக்கை முழுசா அமுக்கி கிளட்ச்சையும் அமுக்குங்க. முன்பக்கம்தான் நேரா வழுக்கிட்டு போகுது, ஸ்டியரிங் கேக்கலன்னா இன்னும் திருப்பாதீங்க, கொஞ்சம் நேராக்கி வேகம் குறைய விடுங்க, டயர் பிடிக்கும்.

இதைப் படிச்சு வராது. பழகணும். ஆனா ராத்திரி மால் பார்க்கிங் லாட்ல போய் சுத்திப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, ஒண்டாரியோல ஸ்டண்ட் டிரைவிங்னு கேஸ் போட்டா லைசென்ஸ் 30 நாள், வண்டி 14 நாள் அங்கயே போயிடும். வின்டர் டிரைவிங் கிளாஸ்ல ஒரு நாள் செலவு பண்ணுங்க, நான் சுத்தினதுக்கு அப்புறம் போனேன், முன்னாடியே போயிருக்கணும்.

ஸ்டெப் 6: மாட்டிக்கிட்டா

முதல்ல மிதிக்கிறதை நிறுத்துங்க. இறங்கி சைலன்சர் குழாய் வாயைச் சுத்தி ஸ்னோவை எடுங்க, டயர் தோண்டுறது அதுக்கு அப்புறம். 2016 ஜனவரி புயல்ல நியூ ஜெர்சி பஸாயிக்ல, வெளிய ஸ்னோ அள்ளிட்டிருக்கும்போது குளிருக்காக வண்டிக்குள்ள இன்ஜின் ஓடவிட்டு உக்காந்திருந்த தாயும் குழந்தைகளும் செத்துப்போனாங்க, குழாய் ஸ்னோல மூடியிருந்துச்சு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்புறம் நாலு டயருக்கும் முன்னாடி பின்னாடி வெட்டி எடுங்க, வண்டியோட வயிறு ஸ்னோ மேல உக்காந்திருக்கான்னு குனிஞ்சு பாருங்க, அது உக்காந்திருந்தா டயர் எவ்ளோ சுத்துனாலும் பிரயோஜனம் இல்ல. ஸ்டியரிங்கை நேராக்கி, பின் டயருக்கு முன்னாடி மணலோ, பூனை கக்கூஸ் தட்டுல போடுற பூனை மண்ணோ தூவுங்க. இங்க மட்டும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணலாம், அது பவரை வெட்டிட்டே இருந்தா வெளிய வர முடியாது, டெஸ்லால அதுக்கு ஸ்லிப் ஸ்டார்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடின்னு ஆட்டி எடுங்க, ஒவ்வொரு தடவையும் முழுசா நின்னப்புறம் கியர் மாத்துங்க. வெளிய வந்ததும் மறக்காம திரும்ப ஆன். தள்ள வர்றவங்களை பின் டயருக்கு நேர் பின்னாடி நிக்க விடாதீங்க, பிடிமானத்துக்கு டயருக்கு அடில ஃப்ளோர் மேட் வச்சிருந்தா அது சுட்ட தோசை மாதிரி பறந்து வரும்.

ஸ்டெப் 7: போகாம இருக்குறது

ஏரி ஸ்னோன்னு ஒண்ணு இருக்கு, குளிர் காத்து உறையாத ஏரி மேல வந்து ஈரத்தை அள்ளிட்டு கரைல கொட்டும். ஹைவே 400-ல பாரிங்கிற ஊர் பக்கம் போறவங்களுக்குத் தெரியும், வெயில் அடிக்கிற ரோட்டுல பத்து நிமிஷத்துல எதிர்ல பானெட் கூட தெரியாது. அங்க எந்த டயரும் உதவாது. 2022 கிறிஸ்துமஸ் நேரம் பஃபலோவுல வந்த புயல்ல 40-க்கும் மேல செத்தாங்க, அதுல சிலர் வண்டிக்குள்ளயே. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்டாரியோ 511-ங்கிற ரோடு தகவல் சேவைல ரோடு நிலைமை பாருங்க, மைனஸ் 10-க்கு கீழ போனா உப்போட பலம் வேகமா குறையும், கறுப்பா ஈரமா தெரியுற ரோடு ஈரமா இல்லாம ஐஸா இருக்கும்.

நடு வழியில சிக்கிட்டா வண்டிய விட்டு இறங்கி நடக்காதீங்க. மணிக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் இன்ஜின், குழாயை திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணிட்டு, காத்து அடிக்காத பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வச்சு உக்காருங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்

டிரைவ்வே ரோட்டை விட உயரமா இருந்தா முன்பக்கமா ஏத்தி நிறுத்துங்க, காலைல ரிவர்ஸ்ல இறங்குறது சுலபம். வீடு பள்ளத்துல இருந்தா ரிவர்ஸ்ல இறக்கி நிறுத்துங்க, காலைல மேட்டுல முன்பக்கமா ஏறணும்ல. வைப்பரைத் தூக்கி வைங்க. ப்ளோ வண்டி ராத்திரி வந்து டிரைவ்வே வாசல்ல ஒரு மதில் கட்டிட்டு போகும், அது காலைக்குள்ள கல்லா இறுகிடும், எவ்ளோ தூக்கம் வந்தாலும் அதை படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டி எடுத்துடுங்க.